மகளின் கண் அட்டைகள்

எங்கள் மகளுக்குப் பதினேழு வயதில் முதல் கண்ணாடி போட்டபோது என் கணவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. இருபத்தாறு வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரார் மூக்கிலெல்லாம் அவர் கைவேலை உட்கார்ந்திருக்க, சொந்த மகள் மட்டும் வெறும் மூக்கோடு திரிந்தது அவருக்கு ஒரு குறையாகவே இருந்திருக்க வேண்டும். ஃப்ரேம் தேர்ந்தெடுக்கவே ஒரு மணி நேரம் ஆக்கினார்.

"சின்ன சிலிண்டர் பவர்தான். கண்ணோட வளைவு ஒரு பக்கம் கொஞ்சம் கூட, ஒரு பக்கம் கொஞ்சம் குறைச்சல். அதைச் சரிக்கட்டறதுக்கு. ஒரு வருஷத்துக்குக் கவலையே இல்லை," என்றார்.

ஐந்தாவது மாதம் பாப்பா கண்ணாடியைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தாள். வீட்டில் அவளை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். கட்டட வரைபடம் வரையும் படிப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள்.

"மங்கலா இருக்குப்பா. கோடு போட்டா கோட்டுக்குக் கீழ இன்னொரு கோடு தெரியுது."

கடையின் பின்பக்கத்து இருட்டறையில் அவளை உட்கார வைத்துச் சோதித்தார். பவர் கூடியிருந்தது. புது லென்ஸ் போட்டார். அடுத்த ஐந்து மாதத்தில் மறுபடியும். அதற்கடுத்தும் அப்படியே. நாலாவது தடவை அவருக்குச் சந்தேகம் வந்தது, தன் கருவிகள் மேல். சுவரில் எழுத்துகளைக் காட்டும் விளக்கின் பல்பை மாற்றினார். நாற்காலிக்கும் எழுத்துப் பலகைக்கும் நடுவே டேப் பிடித்து அளந்தார். லென்ஸ் செய்து அனுப்பும் ஆலைக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார். ஐந்தாவது தடவை அவருடைய சந்தேகம் மகள்மேலேயே திரும்பியது.

"நீ கவனமா பதில் சொல்ல மாட்டேங்கற. இது நல்லா தெரியுதா, அது நல்லா தெரியுதான்னு கேட்டா வாய்க்கு வந்ததைச் சொல்லற."

"ரெண்டுமே நல்லா தெரியலப்பா. அதுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

வெடுக்கென்று எழுந்து வெளியே வந்துவிட்டாள். சாயங்காலம் ஒரு தாளில் ஏதோ வரைந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். தெருவிளக்கு ஒன்று. அதன் கீழே, திராட்சைக் கொத்து மாதிரி, சின்னதும் பெரியதுமாக ஏழு விளக்குகள் தொங்கின. ஓரத்தில் அவள் பாடத்துக்கு எழுதுவது போலவே அழகாகக் குறித்திருந்தாள்: 'இடது கண், வலது கண்ணை மூடிக்கொண்டு.'

அதை அவரிடம் காட்டினேன். பார்த்தார். ஒரு நிமிடம் நன்றாகவே பார்த்தார். பிறகு கணக்குப் புத்தகத்துக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டார்.

"என்னங்க, ஒரு தடவை ஆஸ்பத்திரியில காட்டிடலாமே?"

"எதுக்கு? கடைக்காரன் பொண்ணுக்கே கடைக்காரனால கண்ணாடி போடத் தெரியலன்னு ஊர் சிரிக்கவா?"

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியன் பிள்ளை நோயாளி என்று சும்மாவா சொன்னார்கள். கண்புரை, கண் அழுத்தம் என்று எத்தனையோ பேரை முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர் இவர். தன் வீட்டுக்குள் வந்தபோதுதான் கால் நகரவில்லை.

அவரை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. பாப்பா படிக்கும்போது மணிக்கட்டைக் கண்ணில் வைத்து உருட்டி உருட்டித் தேய்ப்பாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. நான் அதைத் தூக்கம் என்றும் சோம்பல் என்றும் நினைத்துத் திட்டியிருக்கிறேனே தவிர, ஒரு நாளும் கையைப் பிடித்துத் தடுத்ததில்லை.

அவளுக்குப் பத்தொன்பது முடிந்த வாரம், தையல்காரியிடம் போகிறோம் என்று அவரிடம் பொய் சொல்லிவிட்டு நானும் அவளும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

முதலில் ஒரு பெண் சோதித்தாள். பவர் எண்களை எழுதிக்கொண்டே போனவள், இடது கண்ணுக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு எங்களை உள்ளே அனுப்பினாள். உள்ளே இருந்த டாக்டரம்மா ஒல்லியானவர். கால்களில் ஓட்டப் பந்தயத்துக்குப் போடும் மாதிரி ஷூ. அதிகம் பேசவில்லை. கோடாக வெளிச்சம் விழும் ஒரு சின்னக் கைக்கருவியை எடுத்து, பாப்பாவின் கண்ணுக்குள் அந்தக் கோட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தினார்.

"அம்மா, நீங்களும் வந்து பாருங்க," என்று என்னைக் கூப்பிட்டுத் தன் தோளுக்குப் பக்கத்தில் குனிய வைத்தார். "சாதாரணக் கண்ணுல இந்த வெளிச்சம் மொத்தமா ஒரு பக்கமா போகும். இங்க என்ன ஆகுது?"

கண்மணிக்குள் அந்த வெளிச்சம் இரண்டாகப் பிரிந்து, ஒன்றை ஒன்று நெருங்கி, மறுபடி விலகியது.

"கத்தரிக்கோல் மாதிரி இருக்கு டாக்டர்."

"நாங்களும் அப்படித்தான் சொல்லுவோம்."

அடுத்த அறையில் ஒரு கருவியில் தாடையை வைக்கச் சொன்னார்கள். வட்டத்துக்குள் வட்டமாக வெளிச்ச வளையங்கள் அவள் கண்மேல் விழுந்தன. சில நொடிகளில் திரையில் இரண்டு கண்களின் படமும் வந்தது. மலைகளையும் பள்ளங்களையும் நிறத்தால் காட்டும் நிலப்படம் மாதிரி இருந்தது. ஓரமெல்லாம் நீலமும் பச்சையும். இடது கண்ணில் நடுவுக்குச் சற்றுக் கீழே சிவப்பாக ஒரு திட்டு. வலது கண்ணில் அதே இடத்தில் ஆரஞ்சு நிறம்.

"கருவிழிங்கறது கண்ணுக்கு முன்னாடி இருக்கற ஜன்னல். சீரா வளைஞ்சு இருக்கணும். இவங்களுக்கு இந்தச் சிவப்பு இருக்கற இடத்துல சுவர் மெலிஞ்சிருக்கு. மெலிஞ்ச இடம் முன்னாடி தள்ளி, கூம்பு மாதிரி ஆயிட்டு வருது. கெரட்டோகோனஸ்னு பேரு." டாக்டரம்மா பாப்பா பக்கம் திரும்பினார். "கண்ணைக் கசக்குவீங்களா?"

"எப்பவாச்சும்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "நிறையவே கசக்குவேன்," என்றாள்.

"எப்படின்னு காட்டுங்க."

காட்டினாள். டாக்டரம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கி வைத்தார். "இதுதான் கடைசித் தடவை. அரிப்புக்கு நான் மருந்து தரேன். கையைக் கொண்டு போகாதீங்க."

"பார்வை போயிடுமா டாக்டர்?" என்று பாப்பா கேட்டாள். எனக்குக் கேட்கத் தைரியம் இல்லாத கேள்வி.

"இதுல குருடு ஆக மாட்டீங்க. ஆனா விட்டா மோசமாகும். மோசமாகாம நிறுத்த ஒரு சிகிச்சை இருக்கு. அதுக்கு முன்னாடி இது இன்னும் நகருதா, நின்னுடுச்சான்னு எனக்குத் தெரியணும். பழைய சோதனை ரிப்போர்ட் இருந்தா குடுங்க. இல்லன்னா நாலஞ்சு மாசம் கழிச்சு மறுபடி படம் எடுத்து ஒப்பிடணும்."

பழைய ரிப்போர்ட் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு அட்டை எழுதி, தேதி போட்டு, மர டிராயரில் அடுக்கி வைப்பது என் கணவரின் பழக்கம். அந்த அட்டைகளைக் கேட்க வேண்டுமென்றால் தையல்காரிப் பொய்யை விட்டு வெளியே வந்தாக வேண்டும்.

கடைக்குப் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கையிலிருந்த ஃப்ரேமைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

"கூம்பு மாதிரியா?"

"ஆமா."

"படிச்சிருக்கேன்," என்றார். "பாடத்துல ரெண்டு பக்கம் வந்துச்சு. அபூர்வம்னு போட்டிருந்தது. நம்ம கடைக்கு எங்க வரப்போகுதுன்னு…"

மறுநாள் ஐந்து அட்டைகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு எங்களோடு வந்தார். டாக்டரம்மா முன்னால் நாற்காலி இருந்தும் இவர் உட்காரவில்லை. டாக்டரம்மா அட்டைகளைத் தேதி வரிசையில் மேசைமேல் பரப்பினார். இடது கண்ணின் சிலிண்டர் முதல் அட்டையில் ஒன்றேகால். கடைசியில் நாலே முக்கால்.

"யார் எழுதினது?"

"நான்தான் டாக்டரம்மா. தப்பா இருந்தா…"

"தப்பா? ஒரே அறை, ஒரே கை, ரெண்டு வருஷம். இவ்வளவு சுத்தமா எழுதின ரிப்போர்ட் எனக்கு எங்க கிடைக்குது?" ஒவ்வொரு அட்டையாக விரலால் தொட்டுக்கொண்டு போனார். "நீங்க குடுத்த கண்ணாடி எதுவும் தப்பில்ல சார். அளந்த அன்னைக்கு எல்லாம் சரியாத்தான் இருந்திருக்கு. கண்ணுதான் ஒரு இடத்துல நிக்கல. இனி காத்திருக்க வேண்டாம். ரெண்டு கண்ணுக்கும் செஞ்சிடலாம், இடது முதல்ல."

என் கணவரின் தோள் சற்று இறங்கியது. மூச்சு விட்டார். ஆனால் டாக்டரம்மா முடிக்கவில்லை. நாலாவது அட்டையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"இந்த அட்டை எழுதின அன்னைக்கே என்கிட்ட அனுப்பியிருக்கணும்."

"ஆமா," என்றார் அவர். அந்த ஒரு சொல்லுக்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

இடது கண்ணுக்குச் சிகிச்சை நடந்த நாள் நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே நடந்ததைப் பாப்பா பிறகு சொன்னாள். மரத்துப் போக மருந்து விட்டு, கருவிழியின் மேல்தோலை மெல்ல நீக்கினார்களாம். அரை மணி நேரம் மஞ்சள் நிறத்தில் வைட்டமின் சொட்டு. அதன்பின் அரை மணி நேரம் ஊதா வெளிச்சத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே படுத்திருக்க வேண்டும். அந்த மருந்தும் வெளிச்சமும் சேர்ந்து கருவிழிக்குள் இருக்கும் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடுமாம். கட்டடம் படிக்கிறவள் ஆயிற்றே. "தூணுக்குத் தூண் குறுக்குக் கம்பி கட்டற மாதிரிம்மா," என்று எனக்கு விளக்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்த விளக்கமெல்லாம் பறந்துவிட்டது. மரப்பு விட்ட பிறகு வந்த வலியில் துடித்தாள். கண்ணுக்குப் பாதுகாப்பாக ஒரு மெல்லிய லென்ஸ் வைத்து அனுப்பியிருந்தார்கள். இருந்தாலும் உள்ளே மணலைக் கொட்டியது போல இருக்கிறது என்றாள். ஜன்னல்களுக்கெல்லாம் போர்வை கட்டினோம். அவள் அப்பா கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நாலாம் நாள் வலி அடங்கியது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், இடது கண்ணில் முன்னைவிட மங்கல்.

"இவ்வளவு வலியும் எதுக்கு அப்புறம்?" என்று டாக்டரம்மாவிடமே சண்டைக்குப் போனாள்.

"மங்கல் கொஞ்ச நாள்ல பழைய அளவுக்கு வந்துடும். இந்தச் சிகிச்சை போனதைத் திருப்பித் தராதுன்னு முன்னாடியே சொன்னேன். இருக்கறதைக் காப்பாத்தறதுக்குத்தான் இது. தெளிவா பார்க்கறதுக்கு வேற வழி பண்ணலாம், கண்ணு ஆறட்டும்."

வலது கண்ணுக்கும் அதே சிகிச்சை முடிந்து, இரண்டு கண்ணும் ஆறிய பிறகு, பெரிய கிண்ணம் மாதிரி ஒரு கெட்டியான லென்ஸை அவளுக்கு அளவெடுத்துச் செய்தார்கள். அது கூம்பைத் தொடாமல் கண்ணின் வெள்ளைப் பகுதிமேல் உட்கார்ந்துகொள்கிறது. நடுவில் உப்புநீர் நிற்கும். கண்ணின் மேடுபள்ளத்தை அந்த நீர் நிரப்பிவிடுவதால் பார்வைக்கு மறுபடி வழவழப்பான ஒரு முன்பரப்பு கிடைக்கிறது. முதல் வாரம் அதை மாட்டுவதற்குள் மூன்று பேர் வியர்த்தோம். எட்டாம் நாள் அவளே மாட்டிக்கொண்டு, எழுத்துப் பலகையின் கடைசிக்கு முந்திய வரியைத் தடுமாறாமல் படித்தாள்.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். என் கணவர் முடிய விடவில்லை.

பாப்பாவின் அட்டைகளைத் திருப்பி வாங்கி டிராயரில் வைக்கப் போனவர், அதை மூடாமல் நின்றார். "இதே மாதிரி ஏறின கணக்கு வேற யாருக்கோ எழுதின ஞாபகம் இருக்கு," என்றார்.

ஆறாயிரத்துச் சொச்சம் அட்டைகள். நாலு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக் கதவைச் சாத்திவிட்டு இருவரும் உட்கார்ந்து புரட்டினோம். நான் பெயரையும் எண்ணையும் படிப்பேன், அவர் கேட்டுக்கொண்டே வருவார். மூன்று பேர் சிக்கினார்கள். போன் செய்தபோது, ஒரு பெண் தனக்கு வேறு ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்துச் சிகிச்சையும் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இரண்டாமவரின் எண் உபயோகத்தில் இல்லை. மூன்றாவது, ஆறு வருடத்துக்கு முன் வந்த ஒரு டிரைவிங் மாஸ்டர். ஒன்றரை வருடத்தில் நாலு அட்டைகள். கடைசி அட்டையின் மூலையில் என் கணவர் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: 'குறை சொல்லும் பேர்வழி.'

அதைப் படிக்கலாமா, தாண்டிவிடலாமா என்று யோசித்தேன். படித்தேன். அவர் அட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அன்று அதற்குமேல் நாங்கள் புரட்டவில்லை.

மாஸ்டர் இப்போது வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பதில்லை என்று பழைய பயிற்சிப் பள்ளியில் சொன்னார்கள். ஒரு பெரிய கிடங்கின் வாசலில் லாரிகளைப் பதிவு செய்யும் வேலையில் இருந்தார். நாங்கள் போனபோது ஒரு லாரியின் எண் பலகைக்கு மிக அருகில் போய்த் தலையைச் சாய்த்துப் படித்துக்கொண்டிருந்தார். நாற்பதுக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் இருக்கும். கண்ணாடி போடவில்லை.

குரலைக் கேட்டதும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "கண்ணாடிக் கடைக்காரரா? என்ன சார், இந்தப் பக்கம்?"

என் கணவர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு மறந்துபோனது. "உங்க கண்ணு… அது உங்க தப்பில்ல மாஸ்டர். கண்ணாடியும் தப்பில்ல. அது ஒரு நோய். எனக்கு அப்ப தெரியல. தெரிஞ்சிருக்கணும்."

பாப்பாவின் கதையை நான் சொல்லி முடித்தேன். மாஸ்டர் பதிவுப் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கடைசியா உங்க கடைக்கு வந்தப்ப நான் கத்திட்டுப் போனேன், ஞாபகம் இருக்கா சார்? அடுத்த மாசமே வேலையை விட்டேன். எதிர்ல வர்ற வண்டியோட விளக்கு எத்தனைன்னு தெரியல. இன்னொருத்தர் பிள்ளையைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டு எப்படி? ஆனா உங்களைத் திட்டினதுக்கு ஒரு வருஷம் வருத்தப்பட்டேன். பாவம், அந்த மனுஷன் பொறுமையா நாலு தடவை பார்த்தாரே, நம்ம கண்ணுதான் சரியில்லன்னு." நிறுத்தினார். "அந்த ஒரு வருஷ வருத்தத்தைத் திருப்பிக் குடுங்க சார். அது போதும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் சிரிக்க முடியாத மாதிரி சொன்னார்.

"அது என்கிட்ட இல்ல மாஸ்டர்," என்றார் என் கணவர். "ஆஸ்பத்திரிக்கு வேணா கூட வரேன்."

மாஸ்டர் உடனே சரி என்று சொல்லவில்லை. பத்து நாள் கழித்து அவராகப் போன் செய்தார்.

டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார். இடது கண்ணில் நோய் தானாகவே நின்றிருந்தது. பாப்பாவுக்குச் செய்தது போன்ற லென்ஸ் போதும் என்றார். வலது கண்ணில் கூம்பின் நுனி தழும்பாகி வெளுத்துவிட்டது. அதற்கு லென்ஸ் உதவாது. இறந்த ஒருவர் தானம் கொடுத்த கருவிழியை வைத்துத் தைக்க வேண்டும்.

"அன்னைக்கே வந்திருந்தா?" என்று மாஸ்டர் கேட்டார்.

டாக்டரம்மா என் கணவரைப் பார்க்காமல் பதில் சொன்னார். "வலது கண்ணுல தழும்பு விழாம தடுத்திருக்கலாம். நிச்சயமா சொல்ல முடியாது. வாய்ப்பு இருந்துச்சு."

அதன்பின் என் கணவர் கடையில் ஒரு மாற்றம் செய்தார். ஒரு வருடத்துக்குள் இரண்டு தடவை சிலிண்டர் ஏறினால் அவர் கண்ணாடி போட்டுத் தருவதில்லை. ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும் என்கிறார்.

எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கருவிழி கிடைத்திருக்கிறது என்று மாஸ்டருக்கு அழைப்பு வந்தது. அவருக்குக் கூடப் போக ஆள் இல்லை. அவர் அக்கா வெளியூரில் இருந்தார். நாங்கள் இருவரும் போனோம். ஒன்றரை மணி நேரம் ஆனது. தழும்பு விழுந்த பகுதியை வட்டமாக எடுத்துவிட்டு, அதே அளவு புதியதை வைத்து, மயிரைவிட மெல்லிய நூலால் பதினாறு தையல் போட்டார்களாம். தையல் பிரித்துப் பார்வை நிலைக்க ஒரு வருடம் வரை ஆகலாம், அதற்குப் பிறகும் ஒரு கண்ணாடியோ லென்ஸோ தேவைப்படலாம் என்றார்கள்.

வெளியே காத்திருந்தபோது என் கணவர் நர்ஸிடம் கேட்டார், "இது யாரோட கண்ணுன்னு சொல்லுவீங்களா?"

"சொல்லக் கூடாது சார். அவங்களுக்கும் இவர் யாருன்னு சொல்ல மாட்டோம். வேணும்னா பேர் போடாம ஒரு கடிதம் எழுதிக் குடுங்க. கண் வங்கி மூலமா அனுப்பிடுவாங்க."

ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினார். மூன்று பக்கம். நோய் என்ன, தான் எங்கே தவறினோம், மாஸ்டர் யார், அவர் எத்தனை பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், எல்லாம் இருந்தது. மறுபரிசோதனைக்கு வந்த மாஸ்டரிடம் கொடுத்தார். வலது கண்ணில் மூடி ஒட்டியிருந்தது. இடது கண்ணின் புது லென்ஸால் நிதானமாகப் படித்தார்.

"சார், அவங்க வீட்டுல ஒரு உயிர் போயிருக்கு. இப்ப போய் உங்க கதையும் என் கதையும் எதுக்கு? ரெண்டு வரி போதும்."

"என்ன எழுதறது?"

மாஸ்டர் பேனாவை வாங்கி, ஒரு புதுத் தாளில், கொஞ்சம் கோணலாக, தானே எழுதினார். 'உங்கள் வீட்டவரின் கண் ஒருவரிடம் பத்திரமாக இருக்கிறது. தினமும் நினைத்துக்கொள்கிறார்.'

என் கணவர் அதை இரண்டு தடவை படித்தார். திருத்த எதுவும் இல்லை. மடித்து உறையில் போட்டார். நர்ஸ் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.